மூன்று நாள் ஒரே எண்

புருசன் கணேசலிங்கம் செத்து ஏழாம் நாள் காலையில்தான் சிவனேஸ்வரிக்கு அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. உடுப்புத் தோய்க்கிற அறையிலிருந்து "பொளுக்" என்று ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மெல்பேர்னுக்கு வெளியே வெரிபீயில் அந்த வீட்டில் அப்போது அவளைத் தவிர சத்தம் போட யாரும் இல்லை. எலி என்று நினைத்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள்.

எலி இல்லை. மனுசன் போட்டுவிட்டுப் போன பியர்.

இதை எப்படி மறந்தேன் என்று தலையில் கைவைத்தாள். மறக்காமல் என்ன செய்வாள், பாவம்! புதன்கிழமை காலை வேலைக்கென்று வெளிக்கிட்டவர் ரயில் ஸ்டேசன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். இருந்தவர் எழும்பவில்லை. நாற்பத்தெட்டு வயது. வியாழன், வெள்ளி முழுக்க ஆஸ்பத்திரிக் கடதாசிகள், சனிக்கிழமை தகனம். ஐயர் இல்லை, கோயில் இல்லை, பறை இல்லை. தெரிந்த தேவாரத்தை அவரோடு வேலைசெய்த தேவராஜா பாடத் தொடங்கி, பாதியில் வரி மறந்துபோய் அழுதுவிட்டான். அதோடு சரி. இதற்குள் பியரை யார் நினைத்துப் பார்ப்பது?

கணேசலிங்கத்தைக் குடிகாரர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கிழமைக்கு மூன்று போத்தல், அதுவும் அளந்து. ரயில்வேயில் பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் படம் வரைகிற வேலை பார்த்தவர். எதையும் அளக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. ஆனால் பியர் போடுவதில் இருந்த பைத்தியம் இருக்கிறதே, அது வேறு. வீட்டில் போட்டுக் குடிக்கலாம் என்று சட்டம் இளகியதுதான் தாமதம், பெரிய மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளி வாங்கினார், தகரத்தில் அடைத்த மால்ட் பாகு வாங்கினார், ஈஸ்ட் வாங்கினார். கடைப் பியரைக் குதிரை மூத்திரம் என்று திட்டத் தொடங்கினார். சிவனேஸ்வரி ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். சைவ வீட்டுப் பிள்ளை. இந்தக் கண்றாவியைக் குசினிக்குள் கொண்டுவந்தால் நான் சமைக்கமாட்டேன் என்று ஒரே பேச்சில் சொல்லிவிட்டாள். அதனால் வாளி உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் போனது. இது ஏழாவது வாளி.

முதல் வாளியில் மூன்று போத்தல் வெடித்ததும் அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் சத்தம் அடங்கியதும் முடிந்துவிட்டது என்று போத்தலில் அடைத்தார். பத்தாம் நாள் சாமத்தில் துவக்குச் சூடுபோல ஒவ்வொன்றாக வெடித்தது. தோசைமாவுக்குப் பொங்கி அமரும் பக்குவம் இருக்கிறது, மணத்திலேயே சொல்லிவிடலாம், என்னைக் கேட்டிருக்கலாமே என்று அவள் அன்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"மூக்கை நம்பாதையும்," என்றார். "மூக்குப் பொய் சொல்லும். இது சொல்லாது."

"இது" என்று அவர் காட்டியது ஒரு கண்ணாடி மிதப்பை. காய்ச்சல் பார்க்கிற கருவியைப்போல் மெல்லியது, அடியில் குண்டு, மேலே தண்டில் எண்கள். வாளியிலிருந்து ஒரு குழாய்க் கண்ணாடியில் பியர் எடுத்து அதை மிதக்கவிட வேண்டும். சீனி கூடியிருந்தால் மிதப்பு உயர்ந்து நிற்கும்; ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்னத் தாழும், எண்ணும் இறங்கும். ஆயிரத்து நாற்பதில் தொடங்கினால் ஆயிரத்துப் பத்துக்குக் கீழே எங்கோ போய் நிற்கும். மூன்று நாள் ஒரே எண்ணில் நின்றால் முடிந்தது. அதற்கு முன் போத்தலைத் தொடக் கூடாது. இதை அவர் கொப்பியின் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி எழுதியிருந்தார். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு பக்கம், தேதியும் எண்ணும், கடைசியில் தீர்ப்பு ஒரு வரி. "முடிந்தது. நல்லது." "முடிந்தது. கைப்புக் கூட." நான்காவது வாளிக்கு, "முடிந்தது. சிவம் ஒரு வாய் குடித்தாள், துப்பினாள்."

ஏழாவது வாளியின் பக்கத்தில் நான்கு எண்கள்தான் இருந்தன. கடைசி எண் அவர் போவதற்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை பின்னேரத்தது, ஆயிரத்து இருபது. வாளிக்குச் சுற்றியிருந்த பழைய கம்பளியைச் செத்த வீட்டுக்கு வந்தவர்கள் இருப்பதற்கு யாரோ உருவி நிலத்தில் விரித்துவிட்டார்கள். மே மாதக் குளிரில் ஈஸ்ட் மெல்ல, ஆறுதலாக வேலை செய்துகொண்டிருந்தது. சிவனேஸ்வரி கம்பளியைத் தேடி எடுத்து வாளிக்குச் சுற்றினாள். பிறகு அவர் செய்வதைப் பார்த்துப் பழகியபடி மிதப்பை மிதக்கவிட்டு, குனிந்து பார்த்து, கொப்பியில் அவர் எழுத்துக்குக் கீழே தன் எழுத்தில் எழுதினாள். ஆயிரத்துப் பதினாறு.

அன்று மாலை தேவராஜா டெலிபோனில் கூப்பிட்டான். நகரத்துக்கு இந்தப் பக்கம் வெரிபீ என்றால் அவன் இருந்தது அந்தப் பக்கம், கிரான்பர்னில். வந்துபோக ஒரு நாள் முடிந்துவிடும். கணேசலிங்கத்தோடு ஒரே ரயில்வேக் கந்தோரில் படம் வரைந்தவன், பியர் போடுவதிலும் கூட்டாளி. மெல்பேர்னில் அவர்களுக்குச் சொந்தம் என்று சொல்ல அவனும் அவன் மனைவி யோகாவும்தான். நாளைக்கு எட்டு, நாங்கள் காலையிலேயே வருகிறோம், மீன் வாங்கி வரவா, இறைச்சி வாங்கி வரவா என்று கேட்டான்.

எட்டுச் செலவு என்றால் யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும். எட்டாம் நாள் பொழுதுபட்டு மம்மலாகிற நேரத்தில், போனவருக்கு வாய்க்கு ருசியாக இருந்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பார்கள். மீன், இறைச்சி என்று மச்சம் உண்டு. குடிக்கிறவர் என்றால் குடி, சுருட்டுப் பிடிக்கிறவர் என்றால் சுருட்டு. கதவைச் சாத்திவிட்டு வெளியே இருப்பார்கள், அவர் வந்து சாப்பிடட்டும் என்று. பிறகு அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுபோய்ச் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்பது அவர்கள் ஊர் வழக்கம். அதோடு செத்தவருக்கும் அந்த வீட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. போகச் சொல்லியாகிவிட்டது.

சிவனேஸ்வரி யோசித்தாள் என்று சொல்ல முடியாது. வாயில் தானாக வந்தது. நாளைக்கு எட்டு வேண்டாம், அவருடைய பியர் இன்னும் முடியவில்லை என்றாள். கடைப் பியர் வாங்கி வைக்கலாமே என்றான் தேவராஜா. அவர் அதைத் தொடுவாரா, நீயே சொல் என்று கேட்டாள். வாளி முடிய இன்னும் நாலைந்து நாள்தானே, மூன்று நாள் ஒரே எண் நின்றதும் அறிவியுங்கள், வருகிறோம் என்றான். பின்னால் யோகா எட்டு எட்டிலல்லவா செய்யவேண்டும் என்று நீட்டி முழக்குவது டெலிபோனில் கேட்டது.

சிவனேஸ்வரி சட்டைக் கொலர் தைக்கிற தொழிற்சாலையில் ஒரு கிழமை லீவு கொடுத்திருந்தார்கள். அது முடிந்ததும் வேலைக்குப் போனாள். எந்திரச் சத்தத்துக்குள் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஐந்தரை மணிக்கு ரயிலால் இறங்கி, முட்டைக்கோவா வயல் காற்றில் நடந்து வந்து கதவைத் திறந்தால் வீடு கம்மென்றிருக்கும். கொஞ்சம் பொறுத்தால் உள்ளேயிருந்து "பொளுக்". மூடியில் செருகியிருந்த வளைந்த குழாயில் தண்ணீர் ஒருமுறை துள்ளி அடங்கும். முதல் இரண்டு நாள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் குசினியிலிருந்து ஒரு கதிரையை இழுத்துக்கொண்டுபோய் அங்கேயே போட்டாள். நான்காம் நாள் சாப்பாட்டுக் கோப்பையோடு போனாள். பேசினாளா என்றால், பேசினாள். சூப்பர்வைசர் வேலையைத் திருப்பிக் கொடுத்தது, கறிவேப்பிலை கிடைக்காதது, சோறு இன்னும் இரண்டு பேருக்கே வந்துவிடுகிறது, எல்லாம் சொன்னாள். அவர் இருந்த காலத்திலும் இப்படித்தான். இவள் சொல்லிக்கொண்டே இருப்பாள், அவர் பத்துப் பேச்சுக்கு ஒரு "ம்" போடுவார்.

ஆயிரத்துப் பதின்மூன்று. ஆயிரத்துப் பத்து. ஆயிரத்து எட்டு.

அடுத்த நாளும் ஆயிரத்து எட்டு.

மூன்றாம் நாள் வேலையால் வந்து கதவைத் திறந்து, சப்பாத்தும் கழற்றாமல் நின்றாள். பத்து நிமிடம் நின்றாள். வாளி வாய் திறக்கவில்லை. மிதப்பை விட்டாள். ஆயிரத்து எட்டு. கொப்பியில் எழுதினாள். பொய் எழுத அவளுக்கு வராது. அதுவும் அவருடைய கொப்பியில். இனி டெலிபோனை எடுக்கவேண்டியதுதான். தேவராஜா சனிக்கிழமை வருவான், மீன் பொரிப்பார்கள், ஒரு கிளாசில் ஊற்றுவார்கள், கதவைச் சாத்துவார்கள். பிறகு அவர் போய்விடுவார். டெலிபோனில் வைத்த கையை எடுத்தாள். எனக்கு இது வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னாள். வீட்டில் அதைக் கேட்க ஆள் இல்லை.

குசினிக்குப் போய்ச் சீனி டின்னை எடுத்தாள். முதல் நாள் வாளிக்குள் சீனி கொட்டும்போது அவர் சொன்னது நினைவிருந்தது. அதுக்குச் சாப்பாடு என்று சொன்னார். ஒரு கோப்பை சீனியை வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, மூடியைத் திறந்து ஊற்றினாள். அன்று இரவு ஒன்றுமில்லை. விடிய எழும்பித் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும்போது கேட்டது.

"பொளுக்."

அவள் அடுப்படியில் நின்றபடியே அழுதாள். செத்த வீட்டிலும் வராத அழுகை.

அதன்பின் அவளுக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. ஒரு கோப்பைக்கு எண் நான்கு ஏறும். இறங்க நாலைந்து நாள். இறங்கி ஒரு நாள் நின்றால் போதும், அடுத்த கோப்பை. மூன்றாம் நாள்வரை விடமாட்டாள். போகப் போக எண் முன்போல் எட்டுவரை இறங்கவில்லை, ஒன்றிரண்டு மேலேயே நின்றது. கொப்பியில் எண்கள் இறங்குவதும் ஏறுவதுமாகப் பக்கத்தை நிறைத்தன. சனிக்கிழமைகளில் தேவராஜா கூப்பிடுவான், இன்னும் முடியவில்லையா என்பான். இல்லை என்பாள். குளிர்தானே என்று அவனே காரணமும் சொல்லிக்கொடுப்பான். அந்தியேட்டிக் காரியம் செய்யவேண்டிய முப்பத்தோராம் நாளும் வந்து போனது. ஊரிலிருந்து அவளுடைய தமையன் விமானத் தபால் நீலக் கடிதம் எழுதினார், எட்டும் அந்தியேட்டியும் முறையாக முடிந்திருக்கும், இனி அங்கே தனியாக என்ன வேலை, வந்துவிடு என்று. அவள் அதைக் கொப்பிக்குள் மடித்து வைத்தாள். அவர் இன்னும் போகவில்லை என்று தமையனுக்கு எப்படி எழுதுவது?

தன்னை ஏமாற்றுகிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. படித்தவள்தானே. ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிற அந்தக் காற்பங்கு மைலில், கதவைத் திறந்தால் ஒரு சத்தம் இருக்கும் என்ற நினைப்பு இருந்ததே, அது போதுமாயிருந்தது.

ஜூலை நடுவில் ஒருநாள் வாளி நின்றது. எண்ணைப் பார்த்தாள்: ஆயிரத்துப் பதினான்கு. இறங்க இன்னும் எவ்வளவோ இருக்கிறது. குளிர் என்று நினைத்து இன்னொரு கம்பளி சுற்றினாள், படுக்கையறை ஹீட்டரைத் தூக்கிக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டு நாள் அசையவில்லை. சீனி போட்டாள். ஆயிரத்துப் பதினெட்டு. அடுத்த நாளும் பதினெட்டு. அதற்கடுத்த நாளும் அதே. மரக் கரண்டியால் கிண்டிப் பார்த்தாள், வாளியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேவராஜாவின் கந்தோருக்கே டெலிபோன் எடுத்தாள்.

"தேவராஜா, அது நிண்டிட்டுது," என்றாள். "என்ன செய்தாலும் அசையேல்லை."

அவன் அரைநாள் லீவு போட்டுவிட்டு ரயிலில் வந்தான். வந்தவன் உடுப்புத் தோய்க்கிற அறையில் கதிரையைக் கண்டான், ஹீட்டரைக் கண்டான். வாளியைத் தொட்டுப் பார்த்தான், வெதுவெதுப்பாக இருந்தது. மூடியைத் திறந்து மணந்தான், மிதப்பை விட்டுப் பார்த்தான், பிறகு கொப்பியை எடுத்து ஏழாவது வாளியின் பக்கத்தில் விரலை வைத்து வரிவரியாக இறங்கினான். பக்கம் முடிந்து அடுத்த பக்கத்துக்கும் போனது. அவன் விரல் ஒரு இடத்தில் நின்றது. பிறகு மெல்ல நகர்ந்தது. பிறகு இன்னொரு இடத்தில் நின்றது. சிவனேஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இந்த எண் இறங்கும், இல்லாட்டி நிக்கும்," என்றான் மெதுவாக. "தானா ஒருநாளும் ஏறாது."

"நான்தான் சீனி போட்டனான்."

"ஓம். எத்தினை தரம்?"

"பத்து. பதினொண்டு."

அவன் வாளிக்கு முன்னால் குந்தி இருந்துவிட்டான். அவளைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். யோகா என்றால் திட்டியிருப்பாள். இவன் கணேசலிங்கத்தின் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான். இன்னும் ஒரு கோப்பை போட்டுப் பார்ப்போமா, புது ஈஸ்ட் வாங்கிப் போடலாமா என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே தன் குரல் கெஞ்சுவது அவளுக்கே கேட்டது.

அவன் தலையை ஆட்டினான். ஈஸ்ட் சீனியைத் தின்று வெறியமாக, அதுதான் அல்கஹோலாக, மாற்றுகிறது, வெறியம் ஒரு அளவுக்கு மேல் ஏறினால் அதற்குள் அதுவே வாழ முடியாது, புதிதாகப் போட்டாலும் கருகிவிடும் என்று விளங்கப்படுத்தினான்.

"சீனி கிடக்கு, அக்கா. வேண்டிய மட்டும் கிடக்கு," என்றான். "தின்னுறதுக்குத்தான் உள்ளுக்கை ஒண்டும் இல்லை."

சிவனேஸ்வரி குசினிக்குப் போய் அடுப்பில் இருந்த சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தாள். காலையில் வைத்தது. இரண்டு பேருக்கு. இரண்டு மாதமாக ஒவ்வொரு நாளும் பாதியைக் கொட்டுகிறாள். பிறகு அங்கே நின்றபடியே, சனிக்கிழமை வாருங்கள், விளைமீன் கிடைத்தால் வாங்கி வாருங்கள், அவருக்குப் பொரியல்தான் விருப்பம் என்றாள்.

சனிக்கிழமை வந்தார்கள். யோகாவும் அன்று அதிசயமாக வாயைத் திறக்கவில்லை. வெங்காயம் உரித்தாள், மீன் கழுவினாள். விளைமீன் இல்லை, ஏதோ இங்கத்தைய மீன். கத்தரிக்காய்ப் பால்கறி, முட்டைப் பொரியல், நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு. வாழையிலைக்கு எங்கே போவது? நல்ல பீங்கானில் படைத்தார்கள். இந்தப் பியரைப் போத்தலில் அடைக்க முடியாது, உள்ளே கிடக்கிற சீனியில் ஏதாவது ஒன்று உயிர்த்தால் வெடிக்கும், ஒரு கிளாசை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும் என்று தேவராஜா சொல்லியிருந்தான். கணேசலிங்கம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த முப்பது போத்தல்களும் அப்படியே கவிழ்ந்திருந்தன. சிவனேஸ்வரி தானே கிளாசை எடுத்துப்போய் வாளியின் அடிக்குழாயைத் திறந்து நிரப்பினாள். அதைக் குசினி வழியாகக் கொண்டுவந்தாள். குசினிக்குள் அது வந்தது அதுதான் முதல் தரம்.

படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் வெளியே வாசற்படியில் இருந்தார்கள். மம்மல் இருளில் கோவா வயல் பக்கமிருந்து காற்று. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சிவனேஸ்வரி காதைக் கொடுத்துக் கேட்டாள். உண்மையாகவே இல்லை. கால் மணி நேரம் கழித்துத் தேவராஜா ஒரு பங்கை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு கூடுகிற இடத்துக்குப் போனான். ஒரு கார் வேகத்தைக் குறைத்து அவனைப் பார்த்துவிட்டுப் போனது. அவன் தலையைக் குனிந்தபடி, திரும்பிப் பார்க்காமல் வந்தான்.

படைத்ததை வீட்டார் சாப்பிட வேண்டும். சந்திக்கு எடுத்ததுபோகக் கிளாசில் பாதி மிச்சம் இருந்தது. தேவராஜா கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. தானே எடுத்து ஒரு மிடறு குடித்தாள். தொண்டை எரிந்தது. அதற்கு மேலால் ஒரே தித்திப்பு, பாகு குடித்த மாதிரி. முகத்தைச் சுளித்தாள், துப்பவில்லை. மனுசன் இருந்தால் இதைப் பியர் என்று சொல்லவே விடமாட்டார் என்று சொன்னாள். யோகா சிரிக்கத் தொடங்கி அழுதாள்.

அவர்கள் போனபிறகு வாளியின் குழாயைத் திறந்துவிட்டு, அது வடிகிறவரை கதிரையில் இருந்தாள். வடிந்ததும் கழுவி, காலை வெயில் படுகிற இடத்தில் கவிழ்த்தாள். பிறகு கொப்பியை எடுத்தாள். கடைசி எண்ணுக்குக் கீழே, அவர் ஒவ்வொரு வாளிக்கும் எழுதுகிற இடத்தில், அவர் எழுதுகிற மாதிரியே ஒரு வரி எழுதினாள்.

"முடிந்தது. இனிப்புக் கூட."

அடுத்த நாள் காலை வழக்கம்போல் அரிசியை ஒரு சுண்டு அளந்தாள். பிறகு அதில் பாதியைத் திருப்பி டின்னுக்குள் கொட்டினாள்.